உப்புக்காற்றில் கேமரா: ராமநாதபுரம் கடலோரத்தில் ஒளி, ஸ்டுடியோ, வீடியோ, எடிட்டிங் கற்றுக்கொள்ள

எடிட்டிங் படிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்த ஆப், எந்த பிரீசெட் (ஒரே தட்டில் படத்தின் சாயலை மாற்றும் தயார் அமைப்பு) என்பதுதான். நம் கடலோரத்தில் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, வாலிநோக்கம் வரை எங்கே கேமராவைத் தூக்கினாலும் வெயில் மேலிருந்து மட்டும் வராது. மணலிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் திரும்பி வரும். எடிட்டிங்கில் மணிக்கணக்காகப் போராடுகிற முக்கால்வாசிச் சிக்கல் அந்த இடத்திலேயே பிறந்ததுதான். வானம் வெளுத்துப்போன படத்தில் எந்த எஃபெக்டாலும் மேகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் இந்த வழிகாட்டி வெயிலில் தொடங்கி ஸ்டுடியோவுக்குள் போய், வீடியோவைத் தொட்டு, கடைசியில்தான் கம்ப்யூட்டருக்கு வரும். கற்றுக்கொள்ள வேண்டிய வரிசையும் அதுவே.

வெயிலின் கணக்கு

ராமேஸ்வரம் ஏறக்குறைய 9.3 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில்கூட உச்சிவேளையில் சூரியன் 57 டிகிரி உயரத்தில் இருக்கும். அதாவது காலை 9 மணிக்கு மேல் மாலை 4 மணி வரை, எந்த மாதமானாலும், புருவத்தின் நிழல் கண்ணில் விழும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். உச்சிவேளை இங்கே சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. வருடம் முழுக்க 11:55-க்கும் 12:30-க்கும் இடையில் ஊசலாடும்.

பொன்வெயில் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக எழும். அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயர 40 நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. சூரியன் மறைந்த பிறகு கிடைக்கும் நீல வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். ஆகவே ஜோடியைக் கடற்கரைக்குக் கூட்டிவந்த பிறகு லென்ஸ் தேடுவது, சேலை மடிப்பு சரிசெய்வது எல்லாம் கூடாது. ஜூனில் சூரியன் காலை 6 மணிக்குச் சற்று முன்பே எழும், ஜனவரியில் 6:30-ஐத் தாண்டும். எழுவதற்கு அரை மணி நேரம் முன்பே இடத்தில் நின்று, முதல் ஃபிரேமை முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும்.

எந்தக் கரையில் நிற்பது என்பதும் ஒளிக் கணக்கில் சேர்ந்ததுதான். தென்மேற்குக் காற்று பலமாக இருக்கும் மே முதல் செப்டம்பர் வரை தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா பக்கம், அலையும் காற்றும் அதிகம். சேலையும் முடியும் பறக்கும், மணல் லென்ஸில் அடிக்கும். அப்போது பாக் விரிகுடாப் பக்கமான வடகடல் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது அப்படியே தலைகீழ். வடகடல் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கடற்புல் படத்தில் பழுப்புக் கோடாகத் தெரியும். கேமராவைத் தாழ்த்தி வைத்தால் அந்தக் கோடு பெரிதாகும், மார்பு உயரத்துக்கு ஏற்றினால் சுருங்கும்.

மணல் மீட்டரை ஏமாற்றும்

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கத்தான் கணக்குப் போடும். தனுஷ்கோடி மணல் ஃபிரேமில் பெரும்பகுதியாக இருந்தால் மணல் அழுக்குச் சாம்பலாகவும், அதில் நிற்கிற ஆள் கரிய உருவமாகவும் வருவது இதனால்தான். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனில் (மீட்டர் சொல்வதைவிடப் படத்தை வெளிச்சமாகவோ இருட்டாகவோ ஆக்கும் அமைப்பு) கூட்டல் 1 வைத்துத் தொடங்கி, ஹிஸ்டோகிராமின் (இருட்டு இடது, வெளிச்சம் வலது என்று காட்டும் வரைபடம்) வலது ஓரம் சுவரில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் மூன்றில் ஒரு ஸ்டாப் குறையுங்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது.

கருத்த முகத்தின் மேல் ஸ்பாட் மீட்டர் (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் முறை) வைத்தால் தவறு எதிர்ப்பக்கம் நடக்கும். மீட்டர் அந்த முகத்தையும் சாம்பலாக்கப் பார்த்து, அளவுக்கு மேல் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நெற்றியும் மூக்குநுனியும் வெள்ளைத் திட்டுகளாகும். அப்போது கழித்தல் முக்கால் அல்லது 1 ஸ்டாப் வையுங்கள். கருத்த தோல் அழகாக வருவது வெளிச்சத்தைக் கொட்டுவதால் அல்ல. பெரிய, மென்மையான ஒளி பக்கவாட்டில் விழுந்து தோலில் ஒரு மெல்லிய பளபளப்பைத் தரும்போதுதான் வருகிறது. கன்னத்து எலும்பின் மேல் அந்தப் பளபளப்பு நீளமாகப் படிந்திருக்கிறதா, சின்னப் புள்ளியாக எரிகிறதா என்று பாருங்கள். புள்ளியாக எரிந்தால் விளக்கு சிறியது, அல்லது தூரத்தில் இருக்கிறது.

மீட்டரே இல்லாமல் கணக்குப் போட ஒரு பழைய வழி உண்டு. தெளிந்த வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, எஃப் (லென்ஸின் துவாரம், எண் கூடினால் துவாரம் சுருங்கும்) 16, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/100 விநாடி. மணலும் கடலும் மட்டுமே இருக்கும் ஃபிரேமுக்கு இன்னும் ஒரு ஸ்டாப் குறைத்து எஃப் 22. இதை மனப்பாடம் செய்துகொண்டால் கீழே வரும் ஃபிளாஷ் கணக்கும் வெளிச்சத்தைக் குறைக்கும் சாம்பல் கண்ணாடியான என்டி ஃபில்டர் கணக்கும் தானாகப் புரியும்.

வேட்டியும் தெர்மோகோலும்

நண்பகலில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் விலை மலிவான தீர்வு ஒரு வெள்ளை வேட்டி. இரண்டு மூங்கில் கம்புகளுக்கு நடுவே ஒற்றை மடிப்பாக விறைப்பாகக் கட்டி, ஆளுக்கும் சூரியனுக்கும் நடுவே தலையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருவர் பிடித்தால் போதும். சுமார் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் குறையும், நிழலின் கூர்மை போய்விடும். நீலம் போட்டுத் துவைத்த வேட்டியானால் முகத்தில் குளிர்ந்த சாயல் ஏறும். ஆகவே வேட்டியின் அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தைக் காட்டி ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) அங்கேயே கையால் அமைத்துவிடுங்கள். தார்ப்பாயைத் தொடவே வேண்டாம். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் எடுத்த முகத்தில் ஏறும் நீலம் சீராக ஏறுவதில்லை. நெற்றியில் ஒன்று, கழுத்தில் ஒன்று என்று இருப்பதால் ஒரே ஸ்லைடரில் அதை எடுக்க முடியாது. கல்யாணச் சாமியானாவின் சிவப்பு, மஞ்சள் துணிக்கும் இதே கதைதான். மணமக்களைச் சாமியானாவின் ஓரத்துக்கு, வெளிவெளிச்சம் படும் இடத்துக்குக் கொண்டுவந்து எடுப்பதே நல்லது.

கீழிருந்து நிழலை நிரப்பத் தெர்மோகோல் அட்டை போதும். நல்ல வெயிலில் மணலே அந்த வேலையைச் செய்துவிடும் என்பதால், முகத்துக்குக் கீழே அட்டை பிடிப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். தாடைக்கு அடியில் ஏற்கெனவே மஞ்சள் ஒளி ஏறியிருந்தால், அட்டைக்குப் பதில் காலடியில் ஒரு கறுப்புத் துணியை விரிக்க வேண்டிவரும்.

ஃபிளாஷ் போடுவதென்றால் கணக்கு இப்படி. பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் 1/200 அல்லது 1/250. ஐஎஸ்ஓ 100-இல் 1/200 வைத்தால் வெயிலுக்கு எஃப் 11 வரும். 35 மி.மீ. ஜூமில் கைடு நம்பர் (ஃபிளாஷின் சக்தியைச் சொல்லும் எண்) 36 உள்ள ஸ்பீட்லைட் (கேமரா மேல் மாட்டும் சின்ன ஃபிளாஷ்), முழு சக்தியில், எஃப் 11-க்கு 3.3 மீட்டர் தூரம் வரைதான் எட்டும் (36-ஐ 11-ஆல் வகுத்தால் வருவது). முன்னால் ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸ் மாட்டினால் இந்தத் தூரம் பாதியாகும். இதனால்தான் கடற்கரை நண்பகலில் ஒற்றை ஸ்பீட்லைட் சோர்ந்துபோகிறது. ஹைஸ்பீட் சிங்க் (அந்த அதிகபட்ச ஷட்டரைத் தாண்டியும் ஃபிளாஷ் போடும் முறை) போட்டால் சக்தி இன்னும் குறையும். சூரியனை ஆளின் முதுகுப்பக்கம் வைத்து, ஃபிளாஷைப் பக்கவாட்டில் ஒன்றரை மீட்டருக்குள் கொண்டுவந்து, வெயிலைவிட ஒரு ஸ்டாப் குறைவாக முகத்தில் விழவையுங்கள். வெயிலுக்குச் சமமாக விழுந்தால் ஆளை வெட்டி ஒட்டியது போல் தெரியும்.

பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஸ்டுடியோ

ஊரில் பெரும்பாலான ஸ்டுடியோக்கள் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைதான், கூரை ஒன்பதடி. இந்த அளவில் முதல் எதிரி வெள்ளைச் சுவர். எந்த விளக்கைப் போட்டாலும் சுவரில் பட்டுத் திரும்பி முகம் முழுக்கச் சப்பையாகும். விளக்கு இல்லாத பக்கச் சுவரில் ஆறடி அகலத்துக்குக் கறுப்புத் துணி தொங்கவிட்டுப் பாருங்கள். புதிதாக ஒரு விளக்கு வாங்கியதைவிடப் பெரிய மாற்றம் தெரியும். சுவருக்கு இளநீலமோ இளம்பச்சையோ அடித்திருந்தால் அந்த நிறம் முகத்தில் ஏறும். ஸ்டுடியோ அறைக்கு வெள்ளை அல்லது சாம்பல் தவிர வேறு பெயின்ட் வேண்டாம்.

தொடக்கத்துக்கு 200 முதல் 300 வாட்-செகண்ட் ஃபிளாஷ் ஹெட் இரண்டு, 90 செ.மீ. ஆக்டா சாஃப்ட்பாக்ஸ் ஒன்று, வெள்ளைக் குடை ஒன்று, ஒரு ரிஃப்ளெக்டர் போதும். ஸ்டாண்டில் மணல் மூட்டை மாட்ட வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மின்விசிறிக் காற்றில் சாஃப்ட்பாக்ஸ் பாய் போல் காற்றை வாங்கிச் சாயும். மூட்டைக்குக் கடல்மணலை அள்ளிப் போடாதீர்கள். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து ஸ்டாண்டின் கால்களைத் துருப்பிடிக்க வைக்கும். ஆற்றுமணலோ சல்லியோ போடுங்கள்.

விளக்கு அமைப்பதை எப்போதும் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். முதலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125, எஃப் 8 வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம். முழுக் கறுப்பாக வர வேண்டும். டியூப் லைட்டின் சாயல் ஏதாவது தெரிந்தால் அந்த லைட்டை அணையுங்கள், இல்லாவிட்டால் நிழல்களில் பச்சை ஏறும். அடுத்து முதன்மை விளக்கு மட்டும். ஆளின் முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டில், கண்மட்டத்துக்கு மேலே, சாஃப்ட்பாக்ஸின் அகலத்துக்கு ஏறக்குறைய சமமான தூரத்தில் வையுங்கள். கண்ணின் பாவையில் விளக்கின் பிரதிபலிப்பு கடிகாரத்தின் பத்து மணி அல்லது இரண்டு மணி இடத்தில் தெரிந்தால் உயரம் சரி. கண்ணில் பிரதிபலிப்பே இல்லையென்றால் விளக்கு மிக உயரத்தில் இருக்கிறது. பிறகு நிரப்பு விளக்கு அல்லது ரிஃப்ளெக்டர், முதன்மையைவிட ஒரு ஸ்டாப் குறைவாக. அதன்பிறகே பின்னணி.

தூரத்தின் விதியை ஒருமுறை கையால் அளந்து பாருங்கள். விளக்கு 1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்குப் போனால் வெளிச்சம் பாதியாகாது, கால்பாகமாகும், அதாவது இரண்டு ஸ்டாப். குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்கும் பாட்டி இருட்டாக வருவதற்கு இதுவே காரணம். விளக்கை மூன்றடியில் வைத்தால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் பெரிய வித்தியாசம் வரும். பத்தடிக்குத் தள்ளி, உயர்த்தி, குடை வழியாக விட்டால் எட்டுப் பேருக்கும் ஒரே அளவு விழும்.

பாஸ்போர்ட் அளவுப் படம்தான் ஊர் ஸ்டுடியோவின் தினச் சோறு, அதனால் அதைக் கவனமாகச் செய்ய வேண்டும். ஆள் பின்னணியிலிருந்து குறைந்தது நாலடி முன்னால் உட்கார வேண்டும், இல்லையென்றால் காதுக்குப் பின்னால் நிழல் விழும். பின்னணி முகத்தைவிட அரை முதல் ஒரு ஸ்டாப் வரை கூடுதல் வெளிச்சம் பெற வேண்டும். அதற்கு மேல் போனால் அந்த வெள்ளை முடியோரத்தைத் தின்றுவிடும். 35-க்கு 45 மி.மீ. படம் 300 டிபிஐ-யில் 413-க்கு 531 பிக்சல். 4×6 தாளில் எட்டுப் பிரதி வரும். கண்ணாடி போட்டவர்களுக்கு விளக்கு பளிச்சிட்டால் விளக்கை ஓரடி உயர்த்துங்கள், கண்ணாடியின் கம்பியைக் காதுக்கு மேலே ஒரு விரல் அளவு தூக்கிவிடுங்கள். நம் ஊர்க் கசகசப்பில் நெற்றி எண்ணெய் வடிகிற விஷயத்தை எடிட்டிங்குக்குத் தள்ளாதீர்கள். மெல்லிய டிஷ்யூ தாளால் ஒற்றியெடுப்பது பத்து விநாடி வேலை, ஹைலைட்டைச் சரிசெய்வது பத்து நிமிட வேலை.

பட்டுச்சேலை ஜரிகைக்கும் நகைக்கும் பெரிய விளக்கு வேண்டும். சின்ன விளக்கில் தங்கம் வெள்ளைப் புள்ளியாக எரியும், பெரிய சாஃப்ட்பாக்ஸில் தங்கம் தங்கமாகவே தெரியும். கீழக்கரை, தொண்டிப் பக்கக் கல்யாணங்களில் கறுப்பு புர்கா, வெண்ணிறச் சட்டை, தொப்பி எல்லாம் ஒரே ஃபிரேமில் வரும். சட்டையின் நெசவு தெரிகிற அளவுக்கு எக்ஸ்போஷர் வைத்து, கறுப்புத் துணிக்குப் பின்பக்கமிருந்து ஒரு ஸ்டாப் கூடுதலான ஓர விளக்கு கொடுங்கள். மடிப்புகள் எழுந்து நிற்கும். பல வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் பெண் கலைஞர்தான் போக வேண்டும் என்பார்கள். முன்பணம் வாங்கும் நாளிலேயே அதைக் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள்.

வீடியோவுக்கு வரும்போது

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்குகள் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் மண்டப விளக்கில் கறுப்புப் பட்டைகள் ஓடாது. 30 ஃபிரேம், 1/60 என்று விட்டுவிடுவதுதான் கல்யாண வீடியோக்களில் பட்டை ஓடுவதற்கு வழக்கமான காரணம். போனில் எடுப்பவர்களும் அமைப்புகளுக்குள் போய் இதை மாற்ற வேண்டும். எல்இடி சீரியல் பல்பும் எல்இடி திரையும் வேறு வேகத்தில் துடிப்பவை. அவற்றுக்கு முகூர்த்தத்துக்கு முன்பே ஒரு சோதனைப் படம் எடுத்துப் பார்ப்பதே வழி.

வெளியில் 1/50 ஷட்டர் என்றால் வெயிலுக்கு எஃப் 22 தேவைப்படும். எஃப் 4-இல் எடுக்க 5 ஸ்டாப் குறைக்க வேண்டும், அதற்கு என்டி 32. எஃப் 2.8-க்கு என்டி 64. லாக் புரொஃபைலில் (பிறகு நிறம் சேர்க்கும்படி மங்கலாகப் பதியும் முறை) அடிப்படை ஐஎஸ்ஓ 800 என்றால் இன்னும் மூன்று ஸ்டாப் சேர்ந்து, எஃப் 4-க்கு என்டி 256 ஆகும். என்டி இல்லாமல் ஷட்டரை 1/2000-க்கு ஏற்றினால் அலையும் நடையும் வெட்டி வெட்டித் தெரியும். ஸ்லோமோஷனுக்கு விநாடிக்கு 100 ஃபிரேம், 1/200 ஷட்டர். அப்போது என்டி இரண்டு ஸ்டாப் குறைவாக இருந்தால் போதும், 25 ஃபிரேம் டைம்லைனில் நாலு மடங்கு மெதுவாகும்.

போலரைசிங் ஃபில்டர் தண்ணீரின் பளபளப்பை எடுத்து அடியிலுள்ள மணலையும் பாசியையும் காட்டும். தண்ணீரின் மேற்பரப்புக்கு ஏறக்குறைய 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் அது முழுப் பலன் தரும். நேர் மேலிருந்து பார்த்தால் ஒன்றும் செய்யாது. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அது சாப்பிடுவதையும் கணக்கில் சேருங்கள். வைட் லென்ஸில் போட்டால் வானத்தில் ஒருபக்கம் மட்டும் கருநீலப் பட்டை விழும்.

எப்படி எடுப்பது என்பதற்கு, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரை எடுத்துக்கொள்வோம். கீற்றுக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருப்பார். ஓலை இடுக்கு வழியாக வெயில் புள்ளி புள்ளியாக முகத்திலும் வலையிலும் விழும். கண்ணுக்கு அழகு. கேமராவிலோ வெள்ளை ஓட்டைகள் மட்டும் மிஞ்சும். “ஐயா, கொஞ்சம் வெளிப்பக்கமாத் தள்ளி உக்காருறீங்களா, வேலைய நிறுத்த வேணாம்” என்று கேட்டு, கொட்டகை நிழல் முடியும் விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே, முகம் வெளிமணலைப் பார்த்தபடி உட்காரவையுங்கள். வெளிமணலே அகலமான விளக்காகி முகத்துக்கு மென்மையாக ஒளி தரும், பின்னால் கொட்டகை இருட்டாக நின்று ஆளைத் தனித்துக் காட்டும்.

முதலில் கொட்டகையும் கடலும் தெரிகிற அகல ஷாட், பத்து விநாடி அசையாமல். பிறகு இடுப்புக்கு மேல். பிறகு கைகள் மட்டும்: வலை ஊசி கண்ணிக்குள் நுழைவது, நூல் இறுகுவது, கட்டைவிரல் முடிச்சை அழுத்துவது. கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தால் அதுவும் ஒரு ஷாட். கடைசியாகக் கண்கள். ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரு செயல் முழுதாகத் தொடங்கி முடியட்டும், பாதியில் நிறுத்தினால் எடிட்டில் ஒட்டாது. கேமராவை எப்போதும் அவருடைய ஒரே பக்கத்தில் வையுங்கள். எதிர்ப்பக்கம் போனால் இடமிருந்து வலம் போன ஊசி அடுத்த ஷாட்டில் வலமிருந்து இடம் போகும்.

படகில் எடுக்கும்போது டிரைபாடை அணியத்திலோ பலகையிலோ ஊன்றாதீர்கள். எஞ்சின் அதிர்வு நேராக சென்சாருக்கு ஏறிப் படம் நெளியும். கையில் பிடித்து, முழங்காலைத் தளர்த்தி நின்றால் உடம்பே அதிர்வை வாங்கிக்கொள்ளும். முதலில் லைஃப் ஜாக்கெட், பிறகு கேமரா. பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று ரயில் பாலத்தை எடுப்பவர்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. பஸ்ஸோ லாரியோ கடக்கும்போது பாலமே அதிரும், 1/250-க்குக் குறைந்த ஷட்டரில் படம் மங்கும். 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய ரயில் பாலத்தை முழுதாக ஒரே ஃபிரேமில் பிடிக்க ஆசை வரும். வண்டியை நடுப்பாலத்தில் நிறுத்திப் போக்குவரத்தை மறிக்காமல், பாம்பன் கரையிலிருந்து நீள லென்ஸில் எடுங்கள்.

டிரோனுக்கு ஒரு எச்சரிக்கை. உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது. இலங்கைக் கடல் எல்லையும் பக்கத்தில். அரசின் டிரோன் வரைபடமான டிஜிட்டல் ஸ்கையில் அந்த இடம் என்ன நிறத்தில் காட்டப்படுகிறது என்று பார்க்காமல், உரிய அனுமதி வாங்காமல் பறக்கவிடாதீர்கள். கல்யாண வீட்டார் வற்புறுத்தினாலும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

காற்றில் குரலைப் பிடிப்பது

படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், குரல் கேட்காவிட்டால் தள்ளிவிடுவார். காலர் மைக்கில் பஞ்சு உறை இந்தக் காற்றுக்குப் போதாது, முடியுள்ள உறை வேண்டும். பேசுகிறவர் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கட்டும், மைக் சட்டைக்கு உட்பக்கம் மார்பெலும்புக்கு நேரே இருக்கட்டும். துணி உரசாமல் சின்ன ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்து, உரத்த சொல் கழித்தல் 12 டெசிபலைத் தொடுகிற மாதிரி அளவு வையுங்கள். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோகட் போட்டால் காற்றின் உறுமல் பெருமளவு குறையும். மைக்கே பிளந்து அடித்த காற்றை எந்த மென்பொருளும் முழுதாக எடுக்காது.

பேட்டி முடிந்ததும் எல்லோரையும் நிறுத்திவிட்டு அலைச்சத்தம் மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அலை ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாதிரி அடிப்பதால், பேச்சை வெட்டிய இடமெல்லாம் சத்தம் துள்ளும். இந்த ஒரு நிமிடத்தை அடியில் நீளமாகப் பரப்பினால் துள்ளல் மறையும்.

உப்பு

வேலை முடிந்த அன்றே, தூங்குவதற்கு முன், செய்ய வேண்டியது இது. முதலில் ஊதுபந்தால் மணலை ஊதுங்கள். ஊதாமல் துடைத்தால் மணல் லென்ஸைக் கீறும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் கேமரா உடம்பையும் டிரைபாட் கால்களையும் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். காய்ந்த துணி மட்டும் போட்டால் உப்பு இடம் மாறுமே தவிரப் போகாது. தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள, மணல் பறக்கும் அரிச்சல்முனையில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். ஏசி அறையிலிருந்து கடற்கரைக்கு வந்ததும் பையைத் திறந்தால் லென்ஸ் உள்ளும் புறமும் வேர்க்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்தால் ஃபங்கஸ் வராது. மழை மாதங்களில் ஜெல்லை அடிக்கடி வறுத்தெடுக்க வேண்டிவரும்.

இனி எடிட்டிங்

கார்டை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதியெடுக்காமல் எடிட்டிங்கைத் திறக்காதீர்கள். இரண்டும் ஒரே அறையில் இருக்கக் கூடாது.

ரா கோப்பில் (கேமரா திருத்தாமல் பதியும் கோப்பு) வரிசை முக்கியம். முதலில் லென்ஸ் திருத்தம், அடிவானத்தை நேராக்குவது. கடலோரப் படத்தில் ஒரு டிகிரி சாய்ந்தாலும் கடல் ஒருபக்கம் வழிந்து ஓடுவது தெரியும். பிறகு ஒயிட் பேலன்ஸ், பிறகு எக்ஸ்போஷர், ஹைலைட், ஷேடோ. மங்கலை நீக்கும் டிஹேஸ் ஸ்லைடரைக் கடல் மங்கலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாதீர்கள், முகங்கள் அழுக்காகும். வானத்துக்கும் கடலுக்கும் மட்டும் மாஸ்க் போட்டு 10 முதல் 20-க்குள் நிறுத்துங்கள்.

நிறத்தையும் தோலின் நுணுக்கத்தையும் தனித்தனி லேயராகப் பிரித்துத் தோலைச் சுத்தம் செய்யும் ஃபிரீக்வென்சி செபரேஷன் முறையைப் பலரும் அரைகுறையாகக் கற்கிறார்கள். ஃபோட்டோஷாப்பில் படத்தை இரண்டு லேயராக நகலெடுங்கள். கீழ் லேயருக்கு காஸியன் பிளர், 24 மெகாபிக்சல் முகப் படத்துக்கு 8 முதல் 10 பிக்சல். நிறம் மட்டும் தெரிந்து மயிர்க்கால் மறைகிற அளவே சரி. மேல் லேயரில் அப்ளை இமேஜ் திறந்து, கீழ் லேயரைத் தேர்ந்து, 8 பிட் கோப்பானால் சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. 16 பிட்டானால் இன்வர்ட் டிக் செய்து, ஆட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 0. பிறகு மேல் லேயரை லீனியர் லைட் ஆக்குங்கள். படம் பழையபடியே தெரிந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். இனி பருவை மேல் லேயரில் எடுக்கலாம், நிறத் திட்டைக் கீழ் லேயரில் மென்மையாக்கலாம். முழு முகத்துக்கும் பிளர் அடித்தால் தோல் மெழுகாகும். கண்ணுக்கடியில் உள்ள கோட்டை முழுதாக அழிக்காமல் பாதியாகக் குறையுங்கள்.

நிறத்தை வெளுப்பாக்கும் எஃபெக்ட்டைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். மணமகளின் முகத்தை வெளுக்கவைப்பது நல்ல எடிட்டிங் அல்ல. கையும் கழுத்தும் ஒரு நிறம், முகம் வேறு நிறம் என்று ஆல்பம் முழுக்க அவளை இன்னொருத்தி ஆக்கிவிடுகிறது. வீட்டார் கேட்டால், வெளிச்சம் சரியாக விழுந்த ஒரு படத்தை அவளுடைய சொந்த நிறத்திலேயே பெரிதாகக் காட்டுங்கள். வீடியோவில் வெக்டர்ஸ்கோப்பை (நிறங்களை வட்டத்துக்குள் புள்ளிகளாகக் காட்டும் கருவி) பாருங்கள். கருப்போ மாநிறமோ சிவப்போ, எல்லாத் தோலும் ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். அந்தக் கோட்டிலிருந்து பச்சைப் பக்கமோ சிவப்புப் பக்கமோ விலகினால்தான் திருத்தம் வேண்டும். வெளுப்பு அங்கே கேள்வியே இல்லை.

வானத்தை மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது நிழலை. ஆளின் நிழல் இடப்பக்கம் விழ, புதிய வானத்துச் சூரியனும் இடப்பக்கம் நின்றால் பார்ப்பவர் கண் உடனே உறுத்தும். தண்ணீரில் பழைய வானத்தின் நிறமே பிரதிபலித்துக்கொண்டிருக்கும். புதிய வானத்தைக் கவிழ்த்து, தண்ணீர்ப் பகுதியில் சாஃப்ட் லைட் லேயராக 20 சதவீதம் போட்டால்தான் ஒட்டும்.

வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே கற்றுக்கொள்ளப் போதும். லேப்டாப் திணறினால் பிராக்ஸி (சிறிய அளவு நகல்) உருவாக்கிக்கொண்டு வெட்டுங்கள். முதலில் வெட்டு, பிறகு ஒலி, கடைசியில் நிறம். நிறத்திலும் முதலில் ஒவ்வொரு ஷாட்டையும் சமன்செய்து, பக்கத்து ஷாட்டோடு ஒத்துப்போகவைத்து, அதன்பிறகே மொத்தத்துக்கும் ஒரு சாயல். வலைக்காரப் பெரியவரின் படத்தில் அவர் குரலை இரண்டு விநாடி முன்பே, கடல் ஷாட்டின் மேல் தொடங்கவிடுங்கள், வெட்டு உறுத்தாது. யூடியூபுக்கு எச்.264 வடிவம், 1080-க்கு விநாடிக்கு 8 மெகாபிட், 4கே-க்கு 35 முதல் 45. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், வீடியோவாக அனுப்பினால் அது நசுக்கிவிடும்.

ஆல்பத்துக்கு 12×36 தாள் என்றால் 300 டிபிஐ-யில் 10,800-க்கு 3,600 பிக்சல். நடு மடிப்பின் இருபுறமும் அரை அங்குலம் காலியாக விடுங்கள், எவருடைய முகமும் மடிப்பில் விழக் கூடாது. பிரிண்ட் இருட்டாக வருகிறது என்று லேபைக் குறைசொல்லும் முன் மானிட்டரின் பிரகாசத்தைப் பாருங்கள். 100 முதல் 120 நிட்ஸ் போதும், கடையில் வாங்கி வந்தபடியே விட்டால் அதைவிட மிக அதிகமாக எரியும். முதலில் ஒரு கறுத்த முகம், ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு பட்டுச்சேலை உள்ள மூன்று படங்களை மட்டும் 4×6-இல் பிரிண்ட் எடுத்து, திரைக்குப் பக்கத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒத்துவந்த பிறகு முழு ஆல்பத்தையும் அனுப்பலாம்.